உள்ளங்கை மறையும் ஆழம்

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே உறுதியில்லை. நடந்தவை எல்லாம் என் தங்கை நாகஜோதியின் கண் முன்னால் நடந்தவை. நான் பெரும்பாலும் மதுரை சிம்மக்கல்லில், எங்கள் வெல்லமண்டிக்கு மேலே உள்ள வீட்டில், ஃபோனைக் காதில் வைத்தபடி இருந்தேன். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். சொல்லிக்கொண்டே வருபவள் நடுவில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிடுவாள். அந்த மௌனங்களில் சிலவற்றை நானாக நிரப்பிக்கொண்டிருக்கலாம். நிறங்களை மட்டும் மாற்றிவிடவில்லை என்று நம்புகிறேன்.

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். வெளுத்துக்கொண்டு வந்த தொட்டியில் ஓரிடம் மட்டும் வெளுக்கவில்லை.

திருவாதவூருக்கு வெளியே, கண்மாயைத் தாண்டிய மேட்டு நிலத்தில் நாகஜோதி குடும்பத்துக்கு வரிசையாக மூன்று சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. அகலமானவை, ஆழம் குறைந்தவை; உள்ளே இறங்கி நின்றால் தண்ணீர் முழங்காலைத் தொடாது. அதில் அவர்கள் வளர்த்தது சுருள்பாசி. தனி இழையாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர், கோடிக்கணக்கில் சேர்ந்து தண்ணீரையே பச்சையாக்கி நிற்கும். அதைத் துணியில் வடித்து, பிழிந்து, இடியாப்ப உழக்கில் போட்டு நூல் நூலாக இறக்கிக் காயவைத்தால் சத்து மாத்திரை செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவள் கணவர் முத்துக்குமரன் இதைத் தொடங்கியபோது ஊரே சிரித்தது. "கண்மாயில பாசி புடிச்சா அள்ளி வெளிய எறிவாய்ங்க. இவன் என்னடான்னா சோடா உப்பு போட்டுச் சீராட்டுறான்" என்றார்கள். அவரும் கூடவே சிரிப்பார். "நீங்க மாட்டுக்குப் போடுறீக, நான் பாசிக்குப் போடுறேன். அது முட்டாது, ஒதைக்காது" என்பார்.

அந்தப் பாசியைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. அதற்கு வெயில்தான் சாப்பாடு. வெயில் மிஞ்சிப் போனால் தன் பச்சையையும் நீலத்தையும் அதுவே குறைத்துக்கொள்ளும், மஞ்சளாக வெளுத்து நிற்கும். நிழலில் வைத்தால் சாயத்தை ஏற்றிக்கொண்டே போய்க் கருநீலமாகிவிடும். "தொட்டியப் பாத்தே மேல மேகம் நின்னுச்சா இல்லையான்னு சொல்லிருவேன்" என்பார். "மனுசன் மாதிரி இல்ல நாகு. பாசிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அறுவடைக்குப் பதம் பார்க்க மற்றவர்கள் அளவுக் குச்சி வைத்திருந்தார்கள். முத்துக்குமரன் கையை விட்டுத்தான் பார்ப்பார். உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து மெல்லத் தண்ணீருக்குள் இறக்குவார். விரல்கள் மங்கும், பிறகு ரேகைகள், பிறகு உள்ளங்கையே பச்சைக்குள் போய்விடும். மணிக்கட்டு நனைந்து சற்று இறங்குவதற்குள் கை காணாமல் போனால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். மகள் பவதாரிணிக்கு அது பெரிய வேடிக்கை. அப்பா கையைத் தொலைத்துவிட்டு மறுபடி கண்டுபிடிக்கிறார் என்று கைதட்டுவாள். "உள்ளங்கை மறைஞ்சா அறுத்துரலாம்" என்று அவளும் பாட்டுப்போலச் சொல்லித் திரிவாள்.

ஒரு புரட்டாசி மாத உச்சி வேளையில், மூன்றாம் தொட்டியின் மேல் நிழல்வலையை இழுத்துக் கட்டக் கம்பத்தில் ஏறியவர், கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து தொட்டிக்குள் விழுந்தார். இதயம் மேலேயே நின்றுவிட்டது என்றார்கள். வலையும் அவரோடு கிழிந்து வந்தது. நாகஜோதி அடுப்படியில் இருந்தாள். கயிறு மரத்தில் உரசி இறுகும் சத்தம் கேட்டது என்றாள். அதன் பிறகு சத்தமே இல்லை.

மற்ற இரண்டு தொட்டிகளையும் அவள் விடாமல் நடத்தினாள். மூன்றாவதையும் கலக்கிவிட்டாள், உப்புப் போட்டாள். ஆனால் அதன் மேல் வலையை மட்டும் மறுபடி கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தை போய் மாசியும் போனது. பங்குனி வெயில் ஏற ஏற, திறந்து கிடந்த அந்தத் தொட்டி எதிர்பார்த்தபடியே வெளுத்துக்கொண்டு வந்தது. வெளுத்துச் செத்தாலும் சாகட்டும் என்றுதான் அவளும் வலை கட்டாமல் விட்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், துணி காயப்போடப் போனவள் நின்றுவிட்டாள். மஞ்சளாகக் கிடந்த தண்ணீரில் மேற்கு ஓரமாகக் கருநீலமாய் ஒரு பட்டை. கம்பத்தடியில் தொடங்கித் தொட்டியின் நடு வரை நீண்டிருந்தது. மேலே பார்த்தாள். வலை இல்லை, மரக்கிளை இல்லை, மேகம்கூட இல்லை. யானைமலைப் பக்கம் வானம் தகரத்தைப்போல வெளிறிக் கிடந்தது.

துடுப்பை எடுத்துக் கலக்கினாள். கருப்பு கலைந்து மஞ்சளோடு கலந்து போனது. மறுநாள் உச்சியில் அதே இடத்தில் மறுபடி இருந்தது.

பாசி நிறம் மாற நாட்கள் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே காலையில் மாறாது. அதுவும் கலக்கிவிட்ட தண்ணீரில், ஒரே இடத்தில், ஓர் ஓரம் பிசகாமல் மாறாது. அவள் தினமும் கலக்கினாள், தினமும் அது திரும்பி வந்தது. தண்ணீர் வற்றி இறங்கிய இடத்தில் சிமெண்டுச் சுவரோடு ஒட்டியிருந்த பாசிப்படலத்திலும் அதே கருமை விழுந்திருந்தது. ஒட்டியது கலையவில்லை. நாளுக்கு நாள் அதற்கு ஓரங்கள் தெளிந்தன. இரண்டு கால்கள். இடுப்பு. ஒரு தோள் உயர்ந்தும் மறு தோள் சற்றே இறங்கியும்.

முத்துக்குமரன் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். அப்போது அவருக்கு இடது தோள் இறங்கியிருக்கும்.

அன்று அவள் பயப்படவில்லை. இதை அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். தொட்டிக்கரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதிருக்கிறாள். வெயிலில் பாசி செத்துவிடக் கூடாதென்று வலைக்குப் பதிலாக அவரே வந்து மறைத்து நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஃபோனில் என்னிடம், "அவுக வேலைய விட்டுட்டுப் போகலக்கா" என்றாள். நான் அவளைக் கெஞ்சினேன்.

"நாகு, உச்சி வேளையில அங்கிட்டுப் போகாத. பிள்ளையவும் விடாத. பேசாம பொறப்பட்டு வா. திருவிழா வருது, அழகர் ஆத்துல எறங்குறத பவா பாக்கட்டும். மாடி ரூம்பு சும்மாதான கெடக்கு."

"வாரேன்க்கா. இன்னும் ரெண்டு அறுப்பு முடியட்டும்."

அதன் பிறகு அவள் மத்தியானச் சோற்றை அங்கேயே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். கம்பத்தடியில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. சுற்றிலும் மண் கொதித்தது. செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. சூடேறிய சிமெண்டின் மணமும், சோடா உப்பின் கசப்பும், பாசியின் மீன்வாடை கலந்த பச்சை வாசனையும் மூச்சை அடைக்கும். அந்த ஓர் ஆள் இடத்தில் மட்டும் வெறுங்காலோடு உட்காரலாம். மாலை மங்கிய பிறகு கிணற்றடியில் இருக்கும் குளிர்ச்சி அது. பங்குனி பிற்பகுதியில் பள்ளிக்கூடம் அரை நாளாகிவிட, பவாவும் சீருடையோடு அங்கே வந்து அம்மாவின் அருகில் உட்கார்ந்துகொள்வாள். இடம் போதாமல் இருவரும் ஒட்டிக்கொள்வார்கள். சில நாட்களில் நாகஜோதி நகர்ந்து வெயிலில் உட்கார்ந்து, குளிர்ந்த இடத்தை மகளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

பெற்றவள் வேறென்ன செய்வாள்.

மூன்றாம் தொட்டி இப்போது முழுவதுமே கருத்துவிட்டது. கை விட்டுப் பார்த்தால் விரல் மூட்டு நனைவதற்குள் கை மறைந்தது. இவ்வளவு அடர்த்தி முத்துக்குமரன் இருந்தபோதும் வந்ததில்லை. அவள் மகிழ்ந்துபோய் அறுத்தாள். துணியில் தேறியது கொஞ்சம். கைப்பிசகு என்று எண்ணிக்கொண்டு அடுத்த முறையும் அறுத்தாள். அப்போதும் கொஞ்சம்தான்.

பரவையிலிருந்து ஜெயபாண்டி பைக்கில் வந்தார். முத்துக்குமரனின் கூட்டாளி; இவர்களுக்கு முதல் பாசியைக் கொடுத்தவரும் காய்ந்ததை வாங்கிக்கொள்பவரும் அவர்தான். வந்ததும் தலைக்கவசத்தைப் பவாவின் தலையில் கவிழ்த்தார்.

"என்ன மருமகளே, பரீச்சையெல்லாம் எப்புடி? பாஸா, இல்ல மாமா கடையில மாத்திரை அடைக்க வாரியா?"

"போங்க மாமா. நான் சயின்ஸ்ல ஃபர்ஸ்ட்டு" என்றாள் பவா. "மிஸ் சொன்னாங்க, நெழலில்லா நாள் வருதாம். சூரியன் நேரா தலைக்கு மேல வந்து நிக்குமாம். யாருக்குமே நெழல் இருக்காதாம்."

"எனக்குமா? இம்புட்டு பெரிய தொந்திக்குமா?"

பவா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நாகஜோதி சொல்கிறாள். அதிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

ஜெயபாண்டி மூன்றாம் தொட்டியில் கையை விட்டார். கை உடனே மறைந்தது. புருவத்தை உயர்த்தினார். ஒரு வாளி அள்ளித் துணியில் ஊற்றினார். தண்ணீர் வடிந்ததும் துணியை விரித்துக் காட்டினார். அழுக்குக் கறைபோல ஒரு பூச்சு மட்டும் ஒட்டியிருந்தது.

"பாத்தியா தங்கச்சி. கை மறையுது, துணியில ஒண்ணுமில்ல."

"அம்புட்டு கருப்பா இருக்கேண்ணே. நல்லா வளந்துருக்குன்னுல நெனச்சேன்."

"எல்லாரும் ஏமாந்து போற எடம் இதுதான். இது வளந்து கருக்கல. பட்டினியில கருத்துருக்கு. வெளிச்சம் பத்தலைன்னா, வர்ற கொஞ்சத்தையும் விட்றக் கூடாதுன்னு உள்ள சாயத்த ஏத்திக்கிட்டே போகும். வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற மாதிரின்னு வச்சுக்க." கையைப் பேன்ட்டில் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். கம்பங்கள் மொட்டையாக நின்றன. நடுவில் வெறும் வானம். "மேல வலகூட இல்லையே. எங்கிட்டு இருந்து நெழல் விழுகுது?"

சிரிக்க முயன்றார். பிறகு அவர் பார்வை சுவரில் ஒட்டியிருந்த படலத்தில் போய் நின்றது.  டீ போடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். பைக்கை உதைத்துக் கிளப்பும்போதுதான், அவள் முகத்தைப் பார்க்காமல், "இந்தத் தொட்டித் தண்ணியத் தொறந்து விட்ரு தங்கச்சி. சின்னவள இங்கிட்டு ஒக்கார விடாத" என்றார்.

அவர் போன பிறகு நாகஜோதி அங்கேயே நின்றாள். கூட்டாளி சொன்ன ஒரு சொல் அவளை விட்டுப் போகவில்லை. பட்டினி. நிழல் கொடுக்க அவர் நிற்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அங்கே விழுகிற வெளிச்சம் தொட்டிக்கு வந்து சேராமல் வேறெங்கோ போகிறது என்றால், யாருக்குப் போகிறது? இருட்டில் கிடக்கிற ஒன்று, வருகிற கொஞ்சத்தையும் விட்டுவிடக் கூடாதென்று தன்னைத் திறந்துகொண்டே போனால், அது எதையெல்லாம் குடிக்கும்?

மேலே எங்கோ கயிறு இறுகும் சத்தம். கம்பத்தில் கயிறே இல்லை.

அன்று சாயங்காலம் பவாவை வாசலில் உட்காரவைத்துத் தலை வாரினாள். சாய்வெயில் நேராகக் குழந்தையின் முகத்தில் அடித்தது. எண்ணெயைத் தேய்த்துவிட்டு முகத்தைத் திருப்பியவளின் கை நின்றது. வெயிலில் கண்ணின் கருமணி சுருங்கிப் புள்ளியாக வேண்டும். பவாவின் கண்ணில் அது விரிந்து கிடந்தது. கரண்டு போன அறையில் விழிப்பவளின் கண்போல, ஓரத்தில் மெல்லிய பழுப்பு வளையம் மட்டும் மிச்சமிருக்க, முழுவதும் கருப்பு. குழந்தைக்குக் கண் கூசவும் இல்லை. நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பவா, கண்ணு வலிக்குதா?"

"இல்லம்மா. இருட்டிருச்சா? லைட்டப் போடும்மா."

நாகஜோதி மகளை இழுத்து அணைத்தாள். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. இடது கை மட்டும் சில்லிட்டிருந்தது. விரல்கள், யாரோ பிடித்திருப்பதுபோல, லேசாக மடங்கியிருந்தன.

உடனே என்னைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நாளைக்கு வாரேன். துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

"இப்பவே வாயேன். எங்க வீட்டுக்காரர வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

 அவள் மறுத்தாள்.

"நாளைக்குத்தான் பவா சொன்ன நெழலில்லா நாளு. மிஸ் குச்சி நட்டுப் பாக்கச் சொல்லிருக்காகளாம். அத ஒண்ண முடிச்சுட்டு மத்தியான பஸ்ஸுக்கு வந்துர்றேன்."  பிறகு, எனக்குக் கேட்காதபடி சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்கும் பாக்கணும்க்கா. சூரியன் தலைக்கு மேல வந்தா நிக்கிற ஆளோட நெழலு காலுக்குள்ள போயிரும்ல. அவுகளா இருந்தா போயிரும்ல."

சித்திரை பிறந்த அந்த வாரம் காற்றே இல்லை. மறுநாள் உச்சி நெருங்க நெருங்க ஊரின் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கண்மாய்க்குள் ஆடு மேய்த்தவர்கள் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். காக்கைகூட இல்லை. கரண்டு போயிருந்ததால் தொட்டி மோட்டார்களும் நின்றிருந்தன. கட்டிவைத்த பை வாசலில் இருந்தது. பவா, முதல் தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணைச் சமமாக்கி ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நட்டு, அதன் முன் குந்தி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தொட்டியிலிருந்து அவள் தள்ளியே இருக்க வேண்டும் என்று நாகஜோதி சத்தியம் வாங்கியிருந்தாள். குச்சியின் நிழல் விரலளவு இருந்தது. பிறகு நகத்தளவு. வெயில் பக்கவாட்டில் விழுவதை நிறுத்திவிட்டு நேர் செங்குத்தாக உச்சந்தலையில் இறங்கியது. கம்பங்களின் நிழல்கள் கம்பங்களுக்குள் போயின. கிணற்றுச் சுவரின் நிழல், வாளியின் நிழல், கொடியில் தொங்கிய துணிகளின் நிழல், எல்லாம் தத்தம் இடத்துக்குள் ஒடுங்கிக்கொண்டே வந்தன. உலகத்தில் ஒளிந்துகொள்ள இருந்த இடங்கள் எல்லாவற்றையும் யாரோ ஒவ்வொன்றாக மூடுவதுபோல இருந்தது.

நாகஜோதி குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். அவள் நிழலும் இல்லை.

அவள் மூன்றாம் தொட்டிக்குப் போனாள்.

கருப்பு போகவில்லை.

போகவில்லை என்பதோடு, அது நிற்கும் ஆளின் நிழலாகவும் இப்போது இல்லை. தொட்டி முழுக்கப் பரவியிருந்த கருமை சுற்றிலும் மஞ்சளை விட்டுவிட்டு, கம்பத்தடியிலிருந்து நகர்ந்து தொட்டியின் நடுவில் ஒடுங்கியிருந்தது. ஓரங்கள் கூர்மையாக இருந்தன. மேலேயிருந்து விழுந்ததைப் போலவே இல்லை. அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கிற ஒன்றைப்போல இருந்தது. இறங்கிய தோள். விரிந்த கால்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும்விட ஆழமான கருப்பு. அகலத் திறந்த கருப்பு.

"ஏங்க" என்றாள். அவர் இருந்தபோது கூப்பிட்ட அதே குரலில்.

 தண்ணீர் அசையவில்லை.

அந்த உருவத்தின் கை ஒன்று பக்கவாட்டில் நீண்டிருந்தது. நேற்று அப்படி நீளவில்லை. கை முடிகிற இடத்தில், அதைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கருமை ஊறத் தொடங்கியிருந்தது. மஞ்சளாக இருந்த தண்ணீர் அவள் பார்க்கப் பார்க்கப் பச்சையானது. பச்சை நீலமானது. சின்ன உருவம். இடுப்பளவு. இரட்டைச் சடை.

"அம்மா."

குரல் முதல் தொட்டியின் பக்கத்திலிருந்து வரவில்லை.

பவா எதிர்க்கரையில் இருந்தாள். மண்டியிட்டு, உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து, இடது கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.

"அம்மா, என் கை மறைஞ்சிருச்சு."

நாகஜோதி ஓடினாள். தொட்டியைச் சுற்றி ஓட நேரமில்லை. உள்ளேயே இறங்கினாள். முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டிய தண்ணீர். இடுப்புக்கு வந்தது. குளிர். புரட்டாசியில் அவரைத் தூக்கியபோது இருந்த குளிர். காலுக்கடியில் சிமெண்டு இல்லை. கை ஒன்றில் மோதினாள். விரல்கள் தெரிந்த விரல்கள். காப்புக் காய்த்த விரல்கள். அவை அவளைப் பிடிக்கவில்லை. அதுதான் கொடுமை, அக்கா, என்றாள். என்னைப் பிடிக்கவே இல்ல. ஒதுக்கிவிட்டுட்டுப் போச்சு.

கயிறு இறுகும் சத்தம்.

"பவா, கையை எடு!"

"அப்பா புடிச்சிருக்காகம்மா."

பிறகு வழக்கமான தண்ணீர். வழக்கமான ஆழம். கெண்டைக்காலைத் தொட்டுக்கொண்டு, வெயிலில் சுட்ட வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீர். அவள் நடுத்தொட்டியில் நின்றுகொண்டிருந்தாள். கரையில் பவா ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தாள், கை மட்டும் தண்ணீருக்குள். தூக்கியபோது கனமே இல்லை என்றாள்; பிழிந்து உதறிய வடிதுணியைத் தூக்குவதுபோல இருந்ததாம். மூச்சு இருந்தது. கண்கள் திறந்திருந்தன. வெள்ளை விழியே இல்லை. நட்ட குச்சியின் அடியிலிருந்து நிழல் மறுபக்கமாக மெல்ல எட்டிப் பார்த்தது. கம்பங்களுக்கும் கிணற்றுக்கும் நிழல் திரும்பி வந்தது. குழந்தையைச் சுமந்துகொண்டு பாதையை நோக்கி ஓடிய நாகஜோதிக்கும் வந்தது. அவள் நிழல் கைகளை ஏந்தியபடி ஓடியது. கைகளில் ஒன்றும் இல்லை.

பவதாரிணி மூன்று நாள் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெயில் தாக்கியது என்றார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். கடைசிவரை லைட்டைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அறையில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே அவளைத் திருவாதவூரில் அடக்கம் செய்தோம்.

ஜெயபாண்டி அதற்குப் பிறகு பாசித்தொழிலை விட்டுவிட்டார். பரவையில் சந்தைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார். எதிரில் பார்த்தால் நலம் விசாரிப்பார், நின்று பேசமாட்டார். முதல் இரண்டு தொட்டிகளும் வறண்டு வெடித்துக் கிடக்கின்றன. முத்துக்குமரனின் கிழிந்த நிழல்வலையை நான்தான் எடுத்து எரித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெல்லமண்டிக்கு மேலே அதே வீட்டில் இருக்கிறேன். மாடி அறையைத் தினமும் பெருக்கி வைக்கிறேன்.

நாகஜோதி இங்கே வரவில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டேன். "அவுக ரெண்டு பேரும் இங்க இருக்காக, நான் எங்கிட்டு வாரது" என்பாள். மூன்றாம் தொட்டியை அவள் இன்னும் கலக்கிவிடுகிறாள், உப்புப் போடுகிறாள். அறுப்பதில்லை. சுவரில் ஒட்டிய படலத்தில் இரண்டு உருவங்கள் கைகோத்து நிற்கின்றன. பெரியவரின் இன்னொரு கை காலியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் உச்சி வேளையில் அவளைப் பார்க்கப் போனேன். கம்பத்தடியில் மண்டியிட்டு, உள்ளங்கையை விரித்துத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  அந்த ஓர் ஆள் இடம் குளிர்ந்திருந்தது.

"கை தெரியுதாடி?" என்று கேட்டேன்.

"இன்னும் தெரியுதுக்கா" என்றாள். அழுகிற குரல். "என்னைய மட்டும் இன்னும் தெரியுது."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு அவள் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.